புதுப்பிப்பு: பினாங்கில் எட்டு மணி நேரம், மலையா ஊரா?

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல் மலேசியாவின் பினாங்குத் தீவில் எட்டு மணி நேரம் நிற்கும். முட்டி வலியுள்ள அம்மாவோடு பினாங்கு மலைக்குப் போவதா, துறையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் ஊரிலேயே சுற்றுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஊரையே தேர்ந்தெடுத்தோம். எனக்கு முழுத் திருப்தி.

கப்பல்துறையை விட்டு வெளியே வந்ததுமே விக்டோரியா மணிக்கூண்டு. அங்கிருந்து குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு மெதுவாக நடந்தே போய்விட்டோம். 1833-இல் எழுந்த கோயில். பக்கத்தில் பூ விற்ற அக்கா, "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டதும் அம்மாவுக்கு வலியே மறந்துவிட்டது. அரை மணி நேரம் பேச்சு!

அப்புறம் கிராப் செயலியில் டாக்சி பிடித்து சியூ படகுத்துறை. கடலுக்கு மேல் தூண்களில் நிற்கும் சீனர் வீடுகள். பலகைப் பாதை, முட்டி வலிக்காரர்கள் பார்த்து நடக்க வேண்டும். வெயில் ஏறியதால் கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகையை விட்டுவிட்டோம்.

மலை ரயில் கிளம்பும் இடம் ஆயர் ஈத்தாம் பக்கம், துறையிலிருந்து தள்ளி. சாலை நெரிசல், ரயில் வரிசை இரண்டையும் நம்பிக் கப்பலைத் தவறவிட எனக்கு மனமில்லை. இரவு தங்குபவர்களுக்கு மலை சரி. அதைச் சொன்னவர்களுக்கும் நன்றி. அடுத்த முறை விமானத்தில் வந்து, தங்கிப் பார்க்கிறோம்.