பழைய கணினியில் யூஎஸ்பி வைஃபை: எனக்கு வழி காட்டிய எட்டு எழுத்துகள்

அப்பாவின் கணினி 2009-இல் வாங்கியது. விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். ஊர்க் கோயிலின் வரவு செலவுக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. புதியது வாங்கித் தருகிறேன் என்றால், "இது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பார். ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு இடி விழுந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்சாரம் மோடத்தையும், இணையக் கம்பி செருகும் கணினியின் லேன் போர்ட்டையும் சுட்டுவிட்டது. மதர்போர்டு தப்பியதே பெரிது. புது மோடம் வந்தபின், கணினிக்காக 350 ரூபாய்க்கு நகத்தளவு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கினேன்.

கூடவே ஒரு சிடி கொடுத்தார்கள். எங்கள் சிடி டிரைவ் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கைபேசியில் இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினேன். அட்டைப்பெட்டியில் இருந்த பெயரைத் தேடிக் கிடைத்த முதல் டிரைவர் ஒட்டவில்லை. அடுத்தது 64 பிட்டுக்கானது. இப்படியே இரண்டு மாலைகள் போயின.

விடை, விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் இருந்தது. மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்ற வரியை வலப்பக்கம் சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுத்தேன். விஐடி என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் நிறுவனத்தைக் குறிப்பவை. பிஐடி என்பதை அடுத்து வரும் நான்கும் சாதனத்தைக் குறிப்பவை. எனக்குக் கிடைத்தது 0பிடிஏ, 8179. உள்ளே இருப்பது ரியல்டெக்கின் 8188 வரிசைச் சிப். பெட்டியின்மேல் எந்தப் பெயரை அச்சடித்திருந்தாலும் விண்டோஸ் பார்ப்பது இந்த எட்டையும்தான். அதற்குரிய 32 பிட் டிரைவரைப் போட்டதும் விளக்கு மினுக்கியது.

ஆனால் எங்கள் வைஃபையின் பெயர் பட்டியலில் இல்லை. இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புது மோடத்திலோ 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. மோடத்தின் அமைப்புக்குள் போய் மற்றதையும் இயக்கினேன். இணைந்தது. அப்போதும் ஒவ்வொரு தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. மீண்டும் டிரைவரைச் சந்தேகித்து, அதை நீக்கிப் புதிதாகப் போட்டேன். பின்னால் நின்ற அப்பாதான், "தேதியைப் பார்த்தாயாப்பா? 2009 என்று காட்டுகிறதே" என்றார். சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினி தன் தேதியை வைத்தே பார்க்கிறது. அந்தக் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. அதை மாற்றித் தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன.

அடாப்டரை முன்பக்கம் செருகியிருக்கிறேன். அவ்வப்போது இணைப்பு அறுந்துவிடுகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

•

முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு நீளக் கம்பி போகிறது. பழைய பெட்டிகளில் அது தளர்ந்திருக்கும். பின்பக்கம் மாற்றுங்கள். தகரப் பெட்டி சிக்னலை மறைக்கும் என்பதால், ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். நான் விண்டோஸுக்குப் பதில் லுபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய கணினியில் ராலிங்க் 5370 சிப் உள்ள அடாப்டரைப் பயன்படுத்துகிறேன். அதற்கான டிரைவர் லினக்ஸிலேயே இருப்பதால் செருகியதும் வேலை செய்தது. இப்போதெல்லாம் கடைக்காரரிடம் சிப்பின் பெயரைக் கேட்காமல் நான் வாங்குவதில்லை.

•

இன்னும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் போர்ட் எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். என் மடிக்கணினியில் இருப்பது யூஎஸ்பி 1.1. அதன் உச்ச வேகமே விநாடிக்கு 12 மெகாபிட். கையில் கிடைப்பது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அடாப்டர் பழுது என்று நினைத்துக் கடைக்கு இருமுறை அலைந்தேன். மின்னஞ்சலுக்கும் செய்தி படிக்கவும் அது தாராளமாகப் போதும்.

•

பின்பக்கம் மாற்றி, கேபிளும் போட்டுவிட்டேன். சிக்னல் இரண்டு கோட்டிலிருந்து நான்காகியது. நேற்று அப்பா ஐப்பசிக் கணக்கைத் தாமே மின்னஞ்சலில் அனுப்பினார்.