ஆன்டெனா நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தண்டையார்பேட்டைக்காரன்:
நேற்றிரவு தெருவில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் கீச்சிட்டது. அதோடு தூக்கமும் போனது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ரேடார் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே ஒரு நாள் பிற்பகல் பணி. டிரான்ஸ்மிட்டர் இரண்டிலும் பச்சை விளக்கு. ரிசீவர் பச்சை, யுபிஎஸ் பச்சை. தற்செயலாக ஜன்னலைப் பார்க்கிறேன், ஆன்டெனா தளர்கிறது. நான்கைந்து வினாடிக்கு ஒரு சுற்று வர வேண்டியது, ஆள் இறங்கும் ராட்டினம் போல மெல்ல வந்து மேற்குப் பார்த்து நின்றுவிட்டது. மோட்டார் இரண்டு இருந்தன. இரண்டும் திருப்புவது ஒரே பெரிய பல்சக்கரத்தை. விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிக்கும் பிரைமரி ஆன்டெனாவும், அதன் தலையில் விமானத்திடம் கேட்டுப் பதில் வாங்கும் செகண்டரியும் ஒன்றாகத்தானே சுற்றுகின்றன? இரண்டும் சேர்ந்தே குருடாயின.

திரையில் விமானங்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. கடைசியாகக் கிடைத்த வேகத்தையும் திசையையும் வைத்து, சில சுற்றுகள் வரை கணினியே உத்தேசமாக நகர்த்தும். விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர்களுக்கான ஹாட்லைனைக் கையில் எடுத்தேன், பேசவில்லை. மறுபடி சுற்றிவிடும் என்று ஒரு நப்பாசை. பத்து வினாடி இருக்கும். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஏன் பேசவில்லை என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மண்ணடி கப்பல் மெக்கானிக்:
பல்சக்கரத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் அண்ணா. நம் கரையில் ரேடாருக்கு முதல் எதிரி ஈரம். எண்ணூருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில் ஏறினேன். "ரேடாரில் குறையே இல்லை, திரை சுத்தமாக இருக்கிறது" என்றார் அதிகாரி. சுத்தம்தான்! கண்ணெதிரே ஆறு கப்பல்கள் நிற்கின்றன, திரையில் ஒன்றுகூட இல்லை. ரேடார் அலையை ஆன்டெனாவுக்குக் கொண்டுபோகும் உலோகக் குழாயான வேவ்கைடின் இணைப்பைக் கழற்றினேன். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

2017 ஜனவரியில் இதே எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபின் குப்பத்துப் பிள்ளைகள் வாளியில் எண்ணெய்க் கசடை அள்ளியதைப் பார்த்தவன் நான். (அதற்கு ரேடார் காரணம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) அன்றிலிருந்து சுத்தமான திரை என்றாலே வயிறு கலங்குகிறது. உங்கள் நிலையத்தில் வேவ்கைடுக்கு உலர்காற்று செலுத்தியிருப்பீர்களே, அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஜா நிறமாகிவிட்டதா என்று யாராவது பார்த்தார்களா?

பெரம்பூர் பேட்டரி:
ஆன்டெனா நின்ற கதையில் வேவ்கைடு எங்கே வந்தது? இருவருமே மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள். 2023 ஜனவரி 1 அன்று மணிலாவில் மின்வழங்கல் கோளாறில் விமானப் போக்குவரத்து மேலாண்மை அமைப்பே நின்று, புத்தாண்டுப் பயணிகள் ஆயிரக்கணக்கில் தவித்தார்கள். என் கதை சின்னது. ஒரு தொலைபேசிக் கோபுரத்தில் ஜெனரேட்டர் தயாராக இருந்தது, அது சூடு பிடிக்கும் வரை பேட்டரி தாங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே கேளுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. உண்மையான சுமையைக் கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முனைகளில் பூத்திருக்கும் உப்பை வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சென்னையில் மாடிப்படியின் அடியில், காற்றில்லாத பொந்தில் வைத்தால் என்ன ஆகும்? டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்டையார்பேட்டை ஐயா, உங்கள் இன்வெர்ட்டர் கீச்சிட்டது என்றீர்களே, வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?

தண்டையார்பேட்டைக்காரன்:
இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது வேறு.

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற கன்ட்ரோலர்:
வேறொரு நிலையம், வேறொரு நாள். ஆனால் நான் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவன். உங்களைப் போன்றவர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஐயா. உத்தேசக் கணக்கில் ஓடும் விமானத்துக்குத் திரையில் குறியீடே மாறிவிடும். நான்கு விமானங்களுக்கு ஒரே சமயத்தில் மாறியது. ரேடார் இல்லை என்று விமானிகளிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரின் உயரத்தையும் தொலைவையும் கேட்டு, உயரத்தில் ஆயிரம் ஆயிரம் அடியாகப் பிரித்து, ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய காகிதத் துண்டான ஸ்ட்ரிப்பில் எழுத வேண்டும். எழுதப் போனால் பேனா எழுதவில்லை. உதறினேன், தாளில் கிறுக்கிப் பார்த்தேன், வரவில்லை. விமானி சொன்ன உயரத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவைப் பிடுங்கினேன். பை கிழிந்துவிட்டது. மாலையில் அதைத்தான் திட்டினார், ரேடாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.