கருவாட்டுப் பாக்கெட் ஃபிலிமுக்குக் காப்புரிமை: உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாடு பாக்கெட் போடும் என் மச்சானுக்காகக் கேட்கிறேன். சாதாரண பாலித்தீனில் போட்டால் முள் உள்ளேயிருந்து குத்தி ஓட்டை விழுந்துவிடும், அப்புறம் காற்று புகுந்து கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், கடல்காற்றின் ஈரத்தை உப்பு வேறு இழுத்துக்கொள்ளும். அதனால் அவர் பல அடுக்கு ஃபிலிம் ஒன்று செய்தார். ஆக்சிஜனைத் தடுக்கும் ஈவிஓஎச் என்ற பிளாஸ்டிக் நடுவில், முள் குத்தாமல் இருக்க அதற்கு உள்பக்கமாக நைலான், ஒட்டுவதற்கு மெல்லிய பாலித்தீன் கடைசியில்.

இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கையில் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, இரண்டையும் சேர்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று ஆட்சேபம் வந்திருக்கிறது. ஒன்றில் ஈவிஓஎச் இருக்கிறது. இன்னொன்றில் நைலான் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம். நைலான் ஈரம் உறிஞ்சும் என்பதால் உள்ளே வைக்காதீர்கள் என்றே அதில் எழுதியிருக்கிறார்கள்! வேண்டாம் என்று சொன்னதைச் செய்து பலன் கண்டது எப்படி எளிதில் தோன்றக்கூடியதாகும்? விடையைப் பார்த்த பிறகு கணக்கு சுலபமாகத் தெரிவது போலத்தான் இது எனக்குப் படுகிறது.

1970 காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு தொழில்நுட்ப முன்னேற்றம் அல்லது பொருளாதார முக்கியத்துவம் இருக்க வேண்டும், அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடாது என்கிறது. இங்கே அந்த அறிந்தவர் யார், ஃபிலிம் பொறியாளரா, மீன் பதப்படுத்துபவரா? அடுக்கை மாற்றி வைத்து ஓட்டை விழுவதை ஒப்பிட்ட சோதனை முடிவுகளைப் பதிலோடு கொடுத்தால் எடுபடுமா? பதில் தர 6 மாதம்தான். இதில் அனுபவமுள்ள காப்புரிமை முகவர்கள், பாலிமர் படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், ஆவணங்களை அனுப்புகிறேன்.