ஃபுளோரிடா வேளாண் ஆணையர்: வயல் வேலை மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்காவில் 12 மாநிலங்களில் வேளாண் ஆணையரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஃபுளோரிடாவில் அவருக்கு என்னதான் வேலை?

பதில் 1: பதவிக்காலம் 4 ஆண்டு. துறையின் முழுப்பெயரிலேயே 'நுகர்வோர் சேவை' இருக்கிறது. பூச்சிமருந்து உரிமம், மளிகைக்கடைச் சோதனை, காட்டுத்தீ அணைப்பு எல்லாம் அங்கேதான். துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தருவதும் இவர்கள்தான்!

பெட்ரோல் பங்க் அளவையும் இவர்கள் ஆட்களே பார்ப்பார்கள். 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) அளவுக்கலனில் பிடித்துப் பார்க்கும்போது 6 கன அங்குலம், அதாவது சுமார் 98 மில்லி வரைதான் கூடவோ குறையவோ இருக்கலாம். கலனை முதலில் ஒருமுறை நனைத்து, வடித்துவிட வேண்டும். காய்ந்த கலனில் பிடித்தால் உட்சுவரில் ஒட்டும் பெட்ரோல் அளவில் வராமல் போய், பம்ப் குறைவாக ஊற்றுவதுபோலத் தவறாகக் காட்டும்.

பதில் 2: புகார் கொடுக்குமுன் ஒன்று. உணவகம் இவர் கையில் இல்லை, அது வேறு துறை. இறைச்சிக்கூட ஆய்வும் பயிர்க் காப்பீடும் மத்திய அரசுடையவை. தவறான இடத்தில் மனுப் போட்டால் நாள்தான் வீணாகும்.

பதில் 3: அமைச்சரவையை விட்டுவிட்டீர்களே. ஆளுநரோடு அட்டர்னி ஜெனரல், தலைமை நிதி அலுவலர், இவர் என்று மொத்தம் நான்கு வாக்கு. இரண்டுக்கு இரண்டு என்றால் ஆளுநர் பக்கமே ஜெயிக்கும். ஆளுநர் நியமித்தவர் அல்ல என்பதால் இவர் எதிர்த்தும் வாக்களிக்கலாம், பதவி போகாது.