நீட் எக்ஸாமுக்கு தனியா போறேன், போனையும் பேகையும் எங்க வெக்கறது?

அரூர்_ரிப்பீட்டர்:

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் நீட் ரிப்பீட்டர், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவ, அதுக்கான 7.5 சதவீத மெடிக்கல் சீட் கோட்டாவுல வருவேன். எந்த ஊர்ல எக்ஸாம்னு சொல்ற சிட்டி ஸ்லிப்புல சேலம்னு வந்துருக்கு, எந்த ஸ்கூல் எந்த காலேஜ்னு அட்மிட் கார்டு வந்தாதான் தெரியும். போன வாட்டி அப்பா கூட வந்தாரு, பேகு போனு சாப்பாடு எல்லாம் அவர் கையில இருந்துச்சு, அதனால இத பத்தி யோசிக்க வேண்டிய அவசியமே வரல. இந்த வருஷம் அப்பா பெங்களூர்ல கட்டட வேலைல இருக்காரு, லீவு கேட்டா கூலி போயிடும், அம்மாவால படுத்த படுக்கையா இருக்கற பாட்டிய விட்டுட்டு வர முடியாது. காலைல அரூர்ல பஸ் ஏறி மஞ்சவாடி கணவாய் வழியா நான் மட்டும்தான் போகணும்.

சென்டர்ல பொருள் வெக்க எந்த ஏற்பாடும் இருக்காதுன்னு நீட் ரூல் எல்லாம் போடற புல்லட்டின்லயே போட்டுட்டாங்க. போன் இல்லாம போனா மேப் பாக்க முடியாது, ஜிபே கிடையாது, முடிஞ்சதும் வீட்டுக்கு சொல்ல முடியாது, அம்மா பயந்துருவாங்க. போனோட போனா எங்க வெக்கறது? பர்ஸ், சாப்பாட்டு டப்பா, மாத்து துணி வேற இருக்கும். கொலுச வீட்லயே கழட்டிருவேன், ஆனா மூக்குத்தி சின்ன வயசுல குத்துனது, திருகு இறுகிப் போய் கழட்டவே வரல. பக்கத்துல கடை எதுலயாச்சும் குடுத்தா வெச்சுப்பாங்களா, நம்பி குடுக்கலாமா? தனியா போய் எழுதுனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டீக்கடை_பெஞ்ச்:

இதுக்கெல்லாம் கவலப்படாதீங்க பாப்பா. எக்ஸாம் சென்டர்னா வாசல்ல ஒரு பெட்டிக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை கண்டிப்பா இருக்கும், பத்து இருவது ரூபா வாங்கிட்டு பேகுல நம்பர் எழுதி வெச்சுப்பாங்க, நான் எழுதுன எல்லா எக்ஸாமுக்கும் அப்படித்தான் குடுத்துட்டு போனேன், ஒண்ணும் காணாம போனதில்ல. சாதா வாட்ச் கட்டிட்டு போங்க டைம் பாக்க உதவும், கருப்பு பால்பாயின்ட் பேனா ரெண்டு எடுத்துக்கோங்க.

அஞ்சுரோடு_அக்கா:

அண்ணே நீங்க சொல்றது டிஎன்பிஎஸ்சி மாதிரி எக்ஸாமுக்கு, தயவுசெஞ்சு நீட்டுக்கு இத சொல்லாதீங்க. நீட்ல எந்த வாட்ச்சும் கூடாது, முள்ளு வாட்ச்சா இருந்தாலும் கூடாது, ரூம்ல சுவர் கடிகாரம் இருக்கும். பேனாவும் கொண்டு போகக் கூடாது, உள்ள அவங்களே குடுப்பாங்க. பர்ஸ், பெல்ட், தொப்பி, நகை, கூலிங் கிளாஸ், பென்சில் பாக்ஸ், சாப்பாடு எதுவும் உள்ள போகாது. பவர் கண்ணாடி போடறவங்க போட்டுக்கலாம், டிரான்ஸ்பரன்ட் தண்ணி பாட்டில் ஓகே, அதுல ஒட்டியிருக்கற லேபிள மட்டும் கிழிச்சுருங்க.

கடை மேட்டருக்கு வர்றேன். தங்கச்சி, நீட் வர்றது ஞாயித்துக்கிழம. பள்ளிக்கூடத்த நம்பி இருக்கற ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை பாதி அன்னைக்கு திறக்கவே மாட்டாங்க. சேலத்துலயும் டவுனுக்கு நடுவுல சென்டர் விழுந்தா அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோ, ஊருக்கு வெளிய பைபாஸ் ஓரமா ஒரு சிபிஎஸ்இ ஸ்கூலோ இன்ஜினியரிங் காலேஜோ வந்துச்சுன்னா கேட்டுக்கு எதுத்தாப்புல புளியமரத்த தவிர ஒண்ணும் இருக்காது. இருக்கற ஒரே டீக்கடைலயும் நூறு பேரு பேக் குவிஞ்சு கெடக்கும், அஞ்சு மணிக்கு மொத்த கூட்டமும் ஒரே நேரத்துல வந்து நிக்கும், கருப்பு பேக் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், யார் எத எடுத்துட்டு போனாங்கன்னு அந்த கடைக்காரர் பாவம் எப்படி பாப்பாரு. அவரு திருடமாட்டாரு, ஆனா பொறுப்பும் எடுத்துக்க முடியாது, அவருக்கு வடை போடற வேலை இருக்கு.

அதனால எடம் தேடாத, ஆள தேடு. உங்க ஸ்கூல் பசங்க வாட்ஸப் குரூப் இருக்கும்ல, அதுல சேலம் சென்டர் யாருக்கெல்லாம் வந்துருக்குன்னு இன்னைக்கே கேளு. ஒருத்தரோட அம்மாவோ அப்பாவோ கூட வந்தா போதும், நாலு பேரு பேகையும் ஒரே ஆள் வெச்சுக்கலாம். ஸ்கூல்ல நீட் கோச்சிங் எடுத்த சாரையும் கேளு, பசங்களுக்காக சென்டருக்கு வர்ற வாத்தியாருங்க இன்னும் இருக்காங்க. ரெண்டும் ஆகலன்னா சேலத்துல சொந்தக்காரங்க, அப்பா கூட வேல பாக்கறவங்க வீடு, எதாச்சும் ஒண்ணு இருக்கும். பத்து மணிக்குள்ள அங்க போய் பொருள வெச்சுட்டு, சாப்ட்டுட்டு, அட்மிட் கார்டு, ஆதார், போட்டோ மட்டும் கையில எடுத்துட்டு கெளம்பலாம்.

ஸ்கூட்டி_சாவி:

ரயில்வே ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல வெக்கலாம்னு சில பேரு சொல்லுவாங்க, அதுக்கு டிரெயின் டிக்கெட் காட்டணும், பேக் பூட்டு போட்டிருக்கணும், பஸ்ல வர்ற பொண்ணுக்கு அது சரிப்படாது.

வண்டில வர்ற பசங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், போன டிக்கில போட்டு பூட்டிட்டு போலாம்னு எல்லாருக்கும் ஐடியா வரும், சூப்பர், அப்புறம் அந்த சாவிய எங்கடா வெப்ப? சாவியும் மெட்டல், அதையும் உள்ள விடமாட்டாங்க. எங்க சென்டர்ல ஒருத்தன் சாவிய சைலன்சர் பக்கத்துல ஒளிச்சு வெச்சுட்டு போய் எழுதிட்டு வந்தான், வண்டி இருந்துச்சு, அது அவனோட நல்ல நேரம். மே மாசம் மத்தியான வெயில்ல டிக்கிக்குள்ள மூணு நாலு மணி நேரம் போன் கெடந்தா பேட்டரிக்கு என்ன ஆகும்னும் யோசிங்க.

அரூர்_ரிப்பீட்டர்:

ரொம்ப தேங்க்ஸ் அக்கா. ஞாயித்துக்கிழம கடை மூடியிருக்கும்னு எனக்கு தோணவே இல்ல. குரூப்ல கேட்டுருக்கேன், ஒரு பொண்ணுக்கு சேலம்தான், ஆனா அவளுக்கும் எனக்கும் ஒரே சென்டரான்னு அட்மிட் கார்டு வந்தாதான் தெரியும், அது எக்ஸாமுக்கு மூணு நாலு நாள் முன்னாடிதான் வருதாம். யாரும் கிடைக்கலன்னா போன சுவிட்ச் ஆஃப் பண்ணி கேட்ல செக்யூரிட்டி அண்ணா கிட்ட குடுத்துட்டு போலாமா?

ஹால்_டியூட்டி_மிஸ்:

நான் டீச்சர்மா, நீட் டியூட்டி பாத்துருக்கேன், அதனால சொல்றேன். செக்யூரிட்டி கிட்டயோ எங்க கிட்டயோ குடுக்க முடியாது. ஒரு ரூம்ல 24 பேரு, ஆளுக்கு ஒரு போன் குடுத்தா நாங்க எத பாக்கறது, எங்க போனையே நாங்க வெளிய வெச்சுட்டுத்தான் உள்ள வர்றோம். மனசாட்சிப்படி பாத்தா இது தப்பான ஏற்பாடுதான், கார்ல அப்பா அம்மாவோட வர்ற பிள்ளைக்கு இது ஒரு பிரச்சனையே கிடையாது, பஸ்ல ஒத்தையா வர்ற பிள்ளைக்குத்தான் கேட் முன்னாடி வந்து கண்ணு கலங்குது. கேட்டுக்கு ஒரு மேசையும் டோக்கன் புத்தகமும் போட்டா தீர்ற விஷயம். ஆனா ரூல் அதுதான், கேட்ல நின்னு வாதாடி நேரத்த விட்டுராத. சுவிட்ச் ஆஃப்னாலும் போன் உள்ள வந்து மாட்டுச்சுன்னா அது முறைகேடு கேஸ், யார்கிட்டயும் பேசுனியா இல்லையான்னு எல்லாம் பாக்கமாட்டாங்க.

ஆள் யாரும் கிடைக்கலன்னா நல்ல போன கொண்டு வராத. மேப் வேணும்னா முதல் நாளே பாத்து, பஸ் ஸ்டாண்டுல எறங்கி எந்த டவுன் பஸ், எந்த ஸ்டாப்புன்னு கேட்டு பேப்பர்ல எழுதிக்கோ, கவர்மென்ட் சாதா டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு காசு கிடையாது, மொபசல் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் காசு கையில இருந்தா போதும். வீட்ல பட்டன் போன் பழசு ஒண்ணு இருந்தா அத வேணா எடுத்துட்டு வா, அதையும் உள்ள விடமாட்டாங்க, வெளிய எங்கயாச்சும் குடுத்துட்டு வந்து காணாம போனாலும் வயிறு எரியாது. அம்மா கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுரு, அஞ்சு மணிக்கு பேப்பர் வாங்குவாங்க, எல்லாரும் வெளிய வர அஞ்சரை ஆகலாம், அதுக்கப்புறம்தான் யார் போன்லயாச்சும் பேசுவேன்னு. அம்மா நம்பர மனப்பாடம் பண்ணிக்கோ, இப்ப நிறைய பிள்ளைங்களுக்கு அது தெரியறதில்ல.

மூக்குத்திய எக்ஸாம் அன்னைக்குன்னு விட்டு வெக்காத. நாளைக்கே தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வெச்சு பாரு, வரலன்னா அரூர்லயே நகை செய்யற ஆசாரி கிட்ட போ, ரெண்டு நிமிஷத்துல கழட்டிருவாரு. துவாரம் தூர்ந்துரும்னு பயமா இருந்தா வேப்பங்குச்சி சின்னதா சொருகிக்கோ, அது மெட்டல் இல்ல, டிடெக்டர்ல கத்தாது. கழட்டவே முடியாம கேட்ல வந்து நின்ன ஒரு பிள்ளைக்கு நாங்க சோப்பு போட்டு இழுத்து மூக்கு செவந்து போச்சு, அந்த பிள்ளை அந்த வலியோட போய் பயாலஜி எழுதுச்சு. கம்மல், வளையல், கைல கட்டுன கயிறு, மெட்டல் கிளிப், ஹேர்பின் எதுவும் வேணாம், தலைக்கு துணி ரப்பர் பேண்ட் போட்டுக்கோ, பூ வேணாம். மருதாணியும் வெச்சுக்காத, கைரேக பதியறப்ப தகராறு பண்ணலாம்.

டிரஸ் அரைக்கை சுடிதார், லேசான துணி, பெரிய பட்டன் வேலைப்பாடு எதுவும் இல்லாம. 2025ல திருப்பூர்ல ஒரு பொண்ணு டிரஸ்ல பட்டன் நெறைய இருக்குன்னு நிறுத்தி, அப்புறம் பெண் போலீஸ் ஒருத்தங்க கடைக்கு கூட்டிட்டு போய் வேற டிரஸ் வாங்கி குடுத்து உள்ள அனுப்புனாங்க, பேப்பர்ல வந்துச்சு. காலுக்கு சாதா செருப்பு போதும், ஷூ கூடாது.

அஞ்சுரோடு_அக்கா:

மிஸ் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், கூச்சப்படாம படிச்சுக்கோ. உள்ளாடைலயும் மெட்டல் ஹூக், கம்பி இல்லாததா பாத்து போடு. கேரளாவுல 2017ல கண்ணூர்ல, அப்புறம் 2022ல கொல்லம் ஆயூர்ல அதனாலதான் பொண்ணுங்கள உள்ளாடைய கழட்டச் சொல்லி பெரிய பிரச்சன ஆச்சு, கேஸ் போய், ஆயூர் பொண்ணுங்களுக்கு 2022 செப்டம்பர் 4 அன்னைக்கு திரும்ப எக்ஸாம் வெச்சாங்க. சோதனை பண்ற பொம்பளைங்க அப்படி பண்ணது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது, ஆனா அன்னைக்கு நியாயம் கேக்கற இடத்துல நீ இருக்க மாட்ட, படிச்சத மறக்காம எழுதற இடத்துல இருப்ப.

டீக்கடை_பெஞ்ச்:

வாட்ச் மேட்டர் சரிதான், இப்பதான் புல்லட்டின் பாத்தேன். அந்த ஹூக் விஷயமெல்லாம் எனக்கு சத்தியமா தெரியாது, இது என்ன எக்ஸாமா ஏர்போர்ட்டா. சாப்பாடுக்கு என்ன பண்றது, பொண்ணு காலைல வீட்ட விட்டு கெளம்பி சாயங்காலம் வரைக்கும் பட்டினியா?

ஹால்_டியூட்டி_மிஸ்:

ரெண்டு மணிக்குத்தான் எக்ஸாம், ஒன்றரைக்கு கேட் மூடிருவாங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் யாரு கெஞ்சியும் பிரயோஜனம் இல்ல. கார்டுல ரிப்போர்ட்டிங் டைம் போட்டிருப்பாங்க, அந்த நேரத்துக்கே வந்துரு. முன்னாடியே வெளிய சாப்ட்டுரு, தயிர் சாதம் மாதிரி லேசா, டப்பாவ கொண்டு வராம வாழை இலைலயோ பேப்பர்லயோ கட்டிட்டு வந்தா சாப்ட்டுட்டு போட்டுட்டு போயிரலாம், திரும்ப தூக்க வேண்டியதில்ல. முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் பாத்ரூம் விடமாட்டாங்க, அதையும் நெனப்புல வெச்சு தண்ணி குடி.

உள்ள கொண்டு போக வேண்டியது கொஞ்சம்தான். அட்மிட் கார்டு எல்லா பக்கமும் பிரின்ட், ஆதார் ஒரிஜினல், அட்டெண்டன்ஸ்ல ஒட்ட ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்ளிகேஷன்ல அப்லோட் பண்ண அதே போட்டோ. 4க்கு 6 போஸ்ட்கார்டு சைஸ் போட்டோவ அவங்க குடுத்த பக்கத்துல வீட்லயே ஒட்டிரு. இடது கை பெருவிரல் ரேக வீட்லயே வெச்சுரு, கையெழுத்து மட்டும் ஹால்ல இன்விஜிலேட்டர் முன்னாடி போடணும். போன்ல இருக்கற ஆதார் படம் செல்லாது.

அரூர்_ரிப்பீட்டர்:

மிஸ், அக்கா, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. எண்ணெய் விட்டு பாத்தேன், திருகு லேசா அசையுது, நாளைக்கு ஆசாரி கிட்ட காட்டறேன். அம்மாவோட பட்டன் போன்ல வேற சிம் போட்டு எடுத்துட்டு போறேன். குரூப்ல இருக்கற பொண்ணோட மாமா கூட வர்றாராம், சென்டர் வேற வேறயா வந்தா மட்டும்தான் கஷ்டம்.

ஓமலூர்_தம்பி:

அக்கா நானும் இந்த வருஷம்தான் எழுதறேன், எனக்கும் சேலம். எங்கப்பா சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நிப்பாரு, ஒரே சென்டர்னா பேக அவர்கிட்ட குடுங்க. கார்டு வந்ததும் சென்டர் பேர இங்க போடுங்க.

அஞ்சுரோடு_அக்கா:

பேர இங்க போடாதீங்க ரெண்டு பேரும், ரோல் நம்பர் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் போடாதீங்க, யாரு வேணா பாக்கற இடம் இது. இன்பாக்ஸ்ல பேசிக்கோங்க. தம்பி, உங்கப்பாவையே அந்த பொண்ணோட அம்மாகிட்ட ஒரு தடவ போன்ல பேசச் சொல்லு.