ஏரிப் பணம்: ஆகாயத்தாமரைக்கு முன்னால் வரத்து வாய்க்காலைப் பார்ப்போம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

நம் ஊர்ச் சங்கத்தின் பொருளாளர் அண்ணன் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஏரிக்கென்று சேர்ந்த பணத்தை இந்த முறையும் ஜேசிபி வைத்து ஆகாயத்தாமரை அள்ளக் கொடுத்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆகாயத்தாமரையும் பச்சைப் பாசியும் கொழிப்பதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). ஏரிகளில் பெரும்பாலும் மணிச்சத்துதான் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 226-ஆம் எண் ஏரி என்று ஒன்று உண்டு. 1973-இல் அதன் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சையாக மாறிவிட்டது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 50 கிலோ டிஏபி உர மூட்டை ஒன்றில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அது அத்தனையும் ஏரிக்குள் போய்ப் பாசியாக மாறினால், காய்ந்த எடையிலேயே ஏறக்குறைய ஒரு டன் வரும். வயலில் போடுகிற உரத்தின் மேல் முழுப் பழியையும் நான் போட மாட்டேன். அதில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பெரிய மழைக்குத்தான் மண்ணோடு சேர்ந்து வரும். தெருச் சாக்கடை அப்படியில்லை, வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் வருகிறது. அப்புறம் அந்த செப்டிக் டேங்க் லாரி. இருட்டில் வந்து வரத்து வாய்க்காலில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறது என்று ஊரிலிருந்து பேசும் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அள்ளிய தாமரை எங்கே போகிறது? கரையில் குவித்துவிட்டு ஜேசிபி போய்விடுகிறது. அது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள் இறங்குகிறது. நாமும் திரும்ப வசூல் செய்கிறோம்.

இங்கே சிங்கப்பூரில் எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதைப் பார்ப்பது நல்லது. 1977-இல் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்து சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார். 1987-இல் முடித்தார்கள். சுமார் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவு. முதலில் மேல்பகுதியில் இருந்த பன்றி, வாத்துப் பண்ணைகளை மாற்றினார்கள், கழிவுநீர்க் குழாய் போட்டார்கள், தெருவோரக் கடைகளை உணவங்காடிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றடிச் சேற்றை அள்ளியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியாக இருப்பதால்தான் அது முடிகிறது. பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் பிழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சிங்கப்பூர் ஒரு அரசாங்கம், நாம் ஒரு ஊராட்சி என்று துபாய் சித்தப்பா சொல்வார். சரி, அமெரிக்காவின் சியாட்டல் பக்கத்து வாஷிங்டன் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுற்றியிருந்த ஊர்களின் மக்களே 1958-இல் ஓட்டுப் போட்டு ஒரு கூட்டு அமைப்பை உண்டாக்கினார்கள். முதல் வாக்கெடுப்பு தோற்றது, அதே வருஷம் இரண்டாவது முறை ஜெயித்தது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரை ஏரிக்கு வராமல் திருப்பினார்கள். 1964-இல் தண்ணீருக்குள் ஒரு மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. 1968-இல் சுமார் மூன்று மீட்டர் தெரிந்தது. கொடுத்த வரிக்கு என்ன கிடைத்தது என்று அந்த ஜனங்களுக்கு மீட்டர் கணக்கில் சொல்ல முடிந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

நம்மிடம் இருப்பது ரூபாய்க் கணக்கு மட்டும். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சிச் செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஏரி தேறியதா என்பது அதில் தெரியாது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்றே கட்டிவைத்த நிதி. கழிவுநீர், செப்டிக் கழிவு மேலாண்மை அதற்குள் அடங்கும். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் நம் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதனால் ஊராட்சித் தலைவரிடமும் ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ.விடமும் இரண்டு இடத்திலும் பேச வேண்டும்.

என் யோசனை இது. சங்கப் பணத்தில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போட உதவுவோம். சாக்கடை ஏரியில் சேரும் வாயில் ஒரு வண்டல் தொட்டியும், அதை ஒட்டிக் கல்வாழையும் சம்பும் நட்ட படுகையும் அமைப்போம். படுகை எல்லாவற்றையும் தடுத்துவிடாது, செடியை அவ்வப்போது வெட்டி வெளியே கொண்டுபோகவும் வேண்டும். இங்கே பொங்கோல் நீர்த்தேக்கத்தில் 2010-இல் அமைத்த மிதக்கும் செடிப்படுகையும் செடியின் வேரை வைத்துத்தான் நீரைச் சுத்தம் செய்கிறது. லாரி விஷயத்தை ஊராட்சிதான் நிறுத்த முடியும், அதற்கு நாம் பணம் கொடுக்கக் கூடாது, எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் தெளிகிறதா என்ற கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். இருபது சென்டிமீட்டர் அகலத் தட்டில் கறுப்பு வெள்ளை அடித்து, கயிறு கட்டி, மதகுப் பக்கம் தாமரை இல்லாத இடத்தில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று மாதம் ஒருமுறை எழுத வேண்டும். 1865-இல் செக்கி என்ற இத்தாலியர் கொண்டுவந்த முறை, இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. மழைக்குப் பிறகு சேற்றாலும் ஆழம் குறையும், அதனால் தண்ணீரின் நிறத்தையும் கூடவே குறிக்கச் சொல்ல வேண்டும். அந்த எண்களையும் செலவையும் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் ஒன்றாக வாசிக்கச் செய்வோம், தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

மெல்போர்ன் தம்பி கட்டடப் பொறியாளர் என்பதால் தொட்டியின் வரைபடத்தை அவன் பார்த்துக்கொடுத்தால் நன்றாக இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் எங்கள் பங்கை இந்த வேலைக்கே தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். ஜேசிபிக்கு முன்பணம் கொடுப்பதை மட்டும் அடுத்த இணையக் கூட்டம் வரை நிறுத்திவையுங்கள் அண்ணே. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அதற்கு முன்னால் இங்கேயே எழுதுங்கள்.