பிரெஞ்சு இலக்கணம்: ஏ1 முதல் பி2 வரை வரிசையாகப் படித்தே ஆக வேண்டுமா?

தாம்பரத்தான்
கனடா குடியேற்றத்துக்காக டெஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுதப் போகிறேன். நான்கு பிரிவிலும் கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோலான என்.சி.எல்.சி-யில் 7 வேண்டும், அதாவது ஐரோப்பிய அளவுகோலில் (ஏ1 தொடக்கம், பிறகு ஏ2, பி1, பி2) ஏறக்குறைய பி2. இப்போது ஏ2 பாதியில் இருக்கிறேன். வகுப்பில் இலக்கணப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக நடத்துகிறார்கள். அலுவலக நண்பரோ, "இலக்கணத்தைத் தூக்கிப் போடு, தினமும் வானொலி கேள், தானாக வரும்" என்கிறார். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

செவிவழி
நண்பர் பேச்சை. நான் மொன்றியலில் இருக்கிறேன். வினைத்திரிபு அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வானிலை பற்றிப் பேசினால் விழிப்பவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். டெஃப் கனடாவில் இலக்கணத்துக்கென்று தனித் தாளே கிடையாது. கேட்டல் 40 கேள்வி, வாசிப்பு 40 கேள்வி, அப்புறம் எழுத்தும் பேச்சும். கேட்டலுக்கு மொத்தமே 40 நிமிடம். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த விதி என்று யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மிஷன் வீதி
தனித் தாள் இல்லை என்றால் இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை என்று அர்த்தமா? புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் கேட்டலைவிட எழுத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

டெஃப் எழுத்துத் தாளின் முதல் பகுதியைப் பாருங்கள். ஒரு செய்தியின் தொடக்கத்தைக் கொடுத்து, 80 சொல்லுக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். "திருடன் நுழைந்தபோது வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், கதவைப் பூட்ட மறந்திருந்தார்" என்று எழுத நினைக்கிறீர்கள். நுழைந்ததற்கு பாஸே கொம்போஸே, தூங்கிக்கொண்டிருந்ததற்கு அம்பார்ஃபே, மறந்திருந்ததற்கு ப்ளூஸ்-க-பார்ஃபே. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று இறந்தகாலம். வானொலி கேட்டு இது தானாக வரும் என்று காத்திருந்தால் தேர்வுத் தேதி வந்துவிடும்.

ஷப்பெல்காரன்
மேடம் சொல்வதுதான் சரி. நான் யாழ்ப்பாணம், பாரிசுக்கு வந்து கனகாலம். உணவகச் சமையலறையில் வேலை. பிரெஞ்சில் சண்டை போடுவேன், பகிடி விடுவேன், தொலைபேசியில் வங்கிக்காரரோடு வாதாடுவேன். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். முன்பு பி1 போதும். இப்போது எங்கட ஆட்கள் எல்லாரும் கடதாசியும் பேனையுமாக இருக்கிறோம்.

காதால் படித்தவனுக்கு என்ன சிக்கல் தெரியுமா? பேசுவதற்கு "பார்லே" என்று சொல்கிறோமே, அதை வினையடி வடிவமாக எழுதலாம், முடிந்த செயலாக எழுதலாம், "நீங்கள்" வடிவமாக எழுதலாம், அம்பார்ஃபேயில் நான், அவன், அவர்கள் என்று இன்னும் மூன்று விதமாக எழுதலாம். எழுத்து வேறு வேறு, காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கதைக்கும்போது ஒருவருக்கும் தெரியாது. எழுதினால் மாட்டுப்படுவோம்.

செவிவழி
அண்ணை, நீங்கள் வாசிக்காததுதான் அங்கே குறை. நான் கேட்பதை மட்டும் சொல்லவில்லை. தினமும் ஒரு பக்கம் செய்தி வாசித்திருந்தால் அந்த ஆறு எழுத்துமுறையும் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

மிஷன் வீதிக்கு ஒரு கேள்வி. வகுப்பில் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்கிறீர்கள். பக்கத்தின் தலைப்பிலேயே "சுப்ஜோங்க்டிஃப் பயிற்சி" (அவசியம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினைவடிவம்) என்று போட்டிருக்கிறது. அதன் கீழே பத்துக்குப் பத்து வாங்குவதில் என்ன பெருமை? எந்த இடத்தில் அது வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதானே கஷ்டம்? அந்த வேலையைத் தலைப்பு செய்துவிட்டது.

மிஷன் வீதி
அந்தக் குறை உண்மைதான், அதனால்தான் நான் கலந்த பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் விளக்கமே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது, அதுவும் தமிழில் யோசிப்பவர்களுக்கு. "நான் பார்த்த ஊர்", "நான் பிறந்த ஊர்", "நான் பேசிக்கொண்டிருந்த ஊர்" மூன்றுக்கும் நமக்கு ஒரே பெயரெச்சம் போதும். பிரெஞ்சில் முதலாவதற்கு "க", இரண்டாவதற்கு "ஊ", மூன்றாவதற்கு "தோன்". எதைப் பற்றிப் பேசினாலும் அந்த வினை "த" என்ற முன்னிடைச்சொல்லோடு வரும், அதனால் "தோன்". இதை அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால் மூன்றுக்கும் "க" போடுகிறார்கள். நன்றாக வாசிக்கிறவர்களும் போடுகிறார்கள்.

இன்னொன்று. "சின்ன வயதில் தினமும் கடற்கரைக்குப் போவேன்" என்கிறோம். பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். பிரெஞ்சில் அதற்கு அம்பார்ஃபே. எந்த வானொலியும் இதை உங்களுக்குச் சொல்லாது.

பச்சைமை
இரண்டு பேரும் அவரிடம் இருக்கும் ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டீர்கள். எதைப் படிப்பது என்பதைவிட எதை விடுவது என்று சொல்லுங்கள்.

என் கணக்கு: கதைப் புத்தகங்களில் வரும் இறந்தகாலமான பாஸே சாம்ப்ளைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும், எழுதத் தேவையில்லை. சுப்ஜோங்க்டிஃபின் இறந்தகால வடிவங்களில் அம்பார்ஃபேயைத் திரும்பியே பார்க்க வேண்டாம். செயப்படுபொருள் முன்னால் வந்தால் முடிந்த வினை அதன் பாலோடும் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுகிறார்கள், அதில் வாரக்கணக்காக உட்காராதீர்கள்.

விடக் கூடாதது "ஸி" வாக்கியம், அதாவது நம் "-ஆல்" நிபந்தனை வாக்கியம். "நேரம் இருந்தால் வருவேன்" வகையில் "ஸி"க்குப் பிறகு நிகழ்காலம். "நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்" வகையில் அதன் பிறகு ப்ளூஸ்-க-பார்ஃபே. "வந்திருப்பேன்" என்பதற்கான கோந்திசியோனெல் வடிவம் மற்றப் பாதியில்தான் வரும். "ஸி"க்கு "ரே" (கோந்திசியோனெலின் விகுதி ஒலி) பிடிக்காது என்று பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிவைக்கிறார்கள். அங்கே தவறினால் திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

சுப்ஜோங்க்டிஃபுக்கு முழுப் பட்டியல் வேண்டாம். "இல் ஃபோ க" (வேண்டும்), "பியேன் க" (இருந்தாலும்), "பூர் க" (அதற்காக), "அவான் க" (அதற்கு முன்) நான்கையும் கை தானாக எழுதும்வரை எழுதுங்கள். "எஸ்பெரே க" (என்று நம்புவது), "அப்ரே க" (அதன் பிறகு) இரண்டுக்கும் சாதாரண வடிவம்தான், அங்கே சுப்ஜோங்க்டிஃப் போட்டு அழகு பார்க்காதீர்கள்.

தாம்பரத்தான்
பச்சைமை, நன்றி. ஒரு சந்தேகம். வகுப்பில் டெல்ஃப் பி2 என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வை எழுதச் சொல்கிறார்கள், அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லுமாம். அதையே எழுதிவிடலாமா?

மிஷன் வீதி
வாழ்நாள் செல்லும், ஆனால் கனடா குடியேற்றத் துறை அதை ஏற்பதில்லை. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப் கனடா, இரண்டில் ஒன்றுதான். அந்த முடிவுகள் 2 ஆண்டுதான் செல்லும், அதனால் அவசரப்பட்டு முன்னாலேயே எழுதிவைக்காதீர்கள். பயிற்சிக்காக டெல்ஃப் தாள்களைச் செய்யலாம். பி2 எழுத்துத் தாள் ஒரு மணி நேரத்தில் 250 சொல், வாதம் செய்து எழுத வேண்டும். டெஃபின் இரண்டாம் பகுதி 200 சொல் கடிதம். கை அதற்குப் பழகும்.

பச்சைமை சொன்ன பட்டியலோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஏ2 பாதியில் இருப்பவர் நேரே "பியேன் க"வுக்குத் தாவுவதுதான் பயமாக இருக்கிறது. எதிர்மறையில் "த" மட்டும் வரும் என்பதே நிற்காதவருக்கு, "ஜ ந ப்வா பா த காஃபே" (நான் காப்பி குடிப்பதில்லை) என்று தடுமாறாமல் சொல்ல வராதவருக்கு, மேல்மாடி எதற்கு?

செவிவழி
இதோ, மறுபடி அத்தியாயம் ஒன்றுக்கே போய்விட்டோம். அந்தக் காப்பி வாக்கியத்தை அவர் நூறு முறை கேட்டிருந்தால் விதியே வேண்டியதில்லை.

மிஷன் வீதி
கேட்டிருக்கிறார், ஏ2வில் இருக்கிறார். வந்ததா என்று அவரையே கேளுங்கள்.

தாம்பரத்தான்
வரவில்லை மேடம். "த" வர வேண்டிய இடத்தில் "தியு காஃபே" என்றுதான் வாயில் வருகிறது.

ஷப்பெல்காரன்
தம்பி, பேச்சுத் தாளை ஒருவரும் சொல்லவில்லையே. முதல் பகுதியில் ஒரு விளம்பரத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஆளிடம் விசாரிக்க வேண்டும், அங்கே "வூ" (நீங்கள்). இரண்டாவதில் நண்பனை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும், அங்கே "து" (நீ). பதற்றத்தில் நண்பனுக்கும் "வூ" போட்டால் வினையெல்லாம் அதன் பின்னால் போய்விடும். உங்கள் 80 சொல் கதையை இங்கே போடுங்கள், மேடம் திருத்தட்டும். "து"வுக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நான் உங்களோடு கதைக்கிறேன்.